'கே' எழுதணும், சொல்லக் கூடாது!



மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், 'அம்மா' என்று இரண்டு பக்கம் இருக்கும். நடுவில் இவன் எதற்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறான் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கிராமர் எனக்கும் ஆகாது. நான் சொல்ல வந்தது ஒர்க்‌ஷாப் சமாச்சாரம்.

கே, என் என்ற இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். லேத்தில் நர்லிங். மெஷின் டிராயிங்கில் நக்கிள் ஜாயின்ட். மில்லிங் மெஷினில் டேபிளைத் தாங்கும் 'நீ'. ஃபிட்டிங்கில் நைஃப் ஃபைல். இன்ஜின் பாடத்தில் நாக்கிங். சிவில் நண்பர்களுக்கு மரப்பலகையில் வரும் நாட். எலெக்ட்ரிக்கல்காரர்களுக்கு நைஃப் சுவிட்ச். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் கை வைத்தால் நாப். எல்லாவற்றுக்கும் முதல் எழுத்து கே. ஒருவரும் அந்தக் 'கே'யை வாயால் சொல்வதில்லை. பிறகு அது எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது?

முதலில் நர்லிங்கையே எடுத்துக்கொள்வோம். மைக்ரோமீட்டரின் திம்பிளை விரலால் திருகும்போது சொரசொரப்பாக ஒரு பிடி இருக்கிறதே, பிளக் கேஜ் கைப்பிடியிலும் டேப் ரெஞ்ச் கைப்பிடியிலும் இருக்கிறதே, அதுதான். லேத்தில் மற்ற வேலை எல்லாம் உலோகத்தைச் சீவி எடுக்கும் வேலை. இது மட்டும் சீவாது, அமுக்கும். பல் வெட்டிய இரண்டு கெட்டியான உருளைகளை, ஓடுகிற ஜாப் மேல் வைத்து அழுத்துகிறோம். அழுந்திய இடம் பள்ளமாகிறது, அங்கே இருந்த உலோகம் பக்கத்தில் மேடாக எழும்புகிறது. அதனால்தான் நர்லிங் முடித்து அளந்து பார்த்தால் விட்டம் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும். வேகத்தை ஏன் குறைக்கிறோம்? முதல் சுற்றில் விழுந்த தடத்திலேயே அடுத்த சுற்றின் பல்லும் போய் உட்கார வேண்டும். அழுத்தமும் அதிகம், சூடும் அதிகம். அவசரப்பட்டால் தடத்து மேல் தடம் விழுந்து வைரக் கட்டம் எல்லாம் நசுங்கிப் போகும். எண்ணெய் விடாமல் ஓட்டினால் உருளையும் போச்சு.

சரி, நர்ல் என்றால் என்ன அர்த்தம்? மரத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும் முண்டுக்கு இங்கிலீஷில் 'நர்' என்று ஒரு பழைய பெயர். அதிலிருந்து வந்ததாகச் சொல்வதுதான் நர்ல், சின்ன முண்டு. வேலையைப் பாருங்கள், பெயரைப் பாருங்கள். ஜாப் முழுக்கச் சின்னச் சின்ன முண்டுகளை எழுப்பும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைக்க முடியும்?

இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிடித்தது. மற்ற கே-என் வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக டிக்‌ஷனரியில் புரட்டிப் பார்த்தேன். நாப் என்றால் குமிழ். அதற்கு உறவான பழைய ஜெர்மன் வார்த்தைக்கு முடிச்சு, மொட்டு என்றும் பொருள் இருந்திருக்கிறது. நாட் என்றால் முடிச்சு. நிட் என்பது அந்த நாட்டின் தம்பி. முதலில் முடிச்சுப் போடுவது என்றுதான் பொருள், திருப்பூர் பனியனுக்கு வந்தது பிற்பாடு. நக்கிள் என்றால் விரலை மடக்கினால் புடைக்கும் மூட்டு. நீ என்றால் முழங்கால் முட்டி. நோல் என்றால் சின்ன மேடு. நீட் (சாப்பாத்தி மாவு பிசைவது, நுழைவுத் தேர்வு இல்லை!) என்றால் அழுத்தி உருட்டுவது. எங்கே பார்த்தாலும் முண்டும் முடிச்சும் மூட்டும்.

தமிழில் இதற்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. கணு! பொங்கலுக்கு வாங்கும் கரும்பில் கணு, மூங்கிலில் கணு, விரலில் கணு, காலில் கணுக்கால். கே-என் என்று பார்த்தவுடன் 'கணு' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். ஸ்பெல்லிங்கும் மறக்காது, பாதி வார்த்தைகளுக்கு அர்த்தமும் மறக்காது. நான் மூன்று வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

மெஷின் டிராயிங் பேப்பருக்கு இது எப்படி உதவும் என்று கேட்பீர்கள். நக்கிள் ஜாயின்ட்டை மனப்பாடம் செய்து வரைகிறவன் தேர்வு ஹாலில் அளவை மறந்துவிட்டால் அத்தோடு சரி. அதையே விரல் மூட்டாக நினைத்து வரையுங்கள். ஒரு கம்பியின் முனையில் கண், இன்னொரு கம்பியின் முனையில் கவை, இரண்டையும் கோத்து ஒரு பின். பின் நழுவாமல் இருக்க ஒரு காலர், அதற்கு ஒரு டேப்பர் பின். விரல் போலவே ஒரு தளத்தில் கொஞ்சம் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. முக்கியமாக இழுவிசையைத் தாங்கத்தான் இது. கூரையின் டை ராடிலும் எக்ஸென்ட்ரிக் ராடிலும் இது வருவதற்குக் காரணம் அதுதான்.

கம்பியின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னின் விட்டமும் 20. கண்ணின் வெளி விட்டம் இரண்டு மடங்கு, 40. கண்ணின் தடிமன் ஒன்றேகால் மடங்கு, 25. கவையின் ஒவ்வொரு பக்கமும் முக்கால் மடங்கு, 15. பின் தலையின் விட்டம் ஒன்றரை மடங்கு, 30. அதன் தடிமன் அரை மடங்கு, 10. அதாவது 15, 25, 15 என்று மூன்று தட்டு அடுக்கி நடுவில் ஆணி அடித்த மாதிரி. பின் அறுபட வேண்டுமானால் இரண்டு இடத்தில் அறுபட வேண்டும். வைவாவில் டபுள் ஷியர் என்று கேட்பது இதைத்தான். 20 என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் முழு எண்ணாக வரும், ஞாபகம் வைக்க வசதி.

சிவில் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையில் தெரியும் நாட் என்பது வேறொன்றும் இல்லை, கிளை முளைத்த அடி. மரம் பருக்கும்போது அந்தக் கிளை அடியைச் சுற்றி வளைந்து வளர்கிறது. இழை நேராக ஓடாமல் வளைவதால் அங்கே பலம் குறைவு. கிளை பட்டுப்போன பிறகு மரம் அதை மூடி வளர்ந்திருந்தால் சுற்றியுள்ள மரத்தோடு அது ஒட்டியிருக்காது. பலகை காய்ந்ததும் கழன்று விழுந்து ஓட்டை விழும். உத்தரத்துக்கு இழுவிசை வரும் அடிப்பக்கத்தில் இப்படி ஒரு முடிச்சு வந்தால் ஆபத்து.

இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் செட்டில் ஒரு நண்பன். பத்தாவது வரை கிராமத்துப் பள்ளியில் தமிழ் மீடியம். லேத்தில் அவன் கை வைத்தால் ஜாப் பளபள என்று வரும். ஒரு ப்ராக்டிகலில் எக்ஸ்டர்னல் அவன் ஜாபைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது என்னப்பா ஆபரேஷன்?" என்றார். "க்நர்லிங் சார்" என்றான். அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களிலும் சிலர் சிரித்தார்கள். "சரி, ஸ்பீடை எதுக்குக் குறைச்சே?" என்பது அடுத்த கேள்வி. அந்தப் பதிலை எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். வாயைத் திறக்கவில்லை. மார்க் போனது கிடக்கட்டும். அதற்கப்புறம் செமினார் என்றால் அன்றைக்கு அவனுக்கு லீவு. கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது, "நீங்க போங்கடா, எனக்கு இங்கிலீஷ் வராது" என்கிறான். ஒரு எழுத்து, அதுவும் சத்தமே இல்லாத எழுத்து, ஒரு நல்ல டர்னரின் வாயை மூடிவிட்டது.

சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அவன் சொன்ன மாதிரிதான் இங்கிலீஷ்காரனே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்!

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இந்த வார்த்தைகளை சி-என் என்று எழுதி 'க்ந' என்றே படித்தார்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, எழுத்து வேலை பார்த்தவர்களின் பழக்கத்தால் சி போய் கே வந்தது. சத்தம் அப்படியே இருந்தது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அச்சு வந்த பிறகு ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனது. ஆனால் வாய் இறுகாது இல்லையா? 17-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கே சத்தம் தேய்ந்து மறைந்துவிட்டது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது. நர்ல் என்ற வார்த்தை புழக்கத்துக்கு வந்த 1600-ஐ ஒட்டிய காலத்தில் பலர் வாயில் கே இன்னும் உயிரோடு இருந்தது. ஆக, என் நண்பன் தப்பாகச் சொல்லவில்லை, நானூறு வருஷம் தாமதமாகச் சொன்னான், அவ்வளவுதான்.

இன்றைக்கும் ஜெர்மன்காரர் முழங்காலை 'க்னீ' என்றுதான் சொல்கிறார். டேனிஷ் மொழியிலும் அப்படியே. நமக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் கொடி பறந்தது. அந்தக் கோட்டையில் சமையல்காரரிடம் கத்தி கேட்டவர் 'க்னிவ்' என்று கே-யோடுதான் கேட்டிருப்பார். நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு. அதில் பேனாக்கத்திக்கு 'கனிஃப்' என்று பெயர், பள்ளியில் பிரெஞ்சு எடுத்த நண்பர்களைக் கேளுங்கள். இங்கிலீஷ் நைஃபும் பிரெஞ்சு கனிஃபும் ஒரே வேரில் வந்தவை. பிரெஞ்சு நாக்குக்கு வார்த்தையின் ஆரம்பத்தில் 'க்ந' வசப்படவில்லை. நடுவில் ஒரு 'அ' போட்டுக் 'கனி' ஆக்கிக்கொண்டார்கள். இங்கிலீஷ்காரர் கே-யை விழுங்கினார், பிரெஞ்சுக்காரர் உயிரெழுத்தைச் சொருகினார்.

நாமும் அதையேதான் செய்கிறோம். தமிழில் ஒரு சொல் தனி மெய்யில் தொடங்காது, உயிரோ உயிர்மெய்யோதான் முதலில் வரும் என்று தொல்காப்பியத்தின் மொழிமரபு சொல்கிறது. அதனால்தான் க்ளாஸ் நமக்குக் கிளாஸ், ஸ்கூல் நம்ம பாட்டிக்கு இஸ்கூல். ஸ்பெயின்காரரும் பள்ளிக்கூடத்தை 'எஸ்குவேலா' என்கிறார். அவரை யாரும் சிரிப்பதில்லை. இங்கிலாந்தையே 1016 முதல் 1035 வரை ஆண்ட டேனிஷ் ராஜா ஒருவர், பெயர் க்னுட். அந்தப் பெயரும் பிற்பாடு 'கனூட்' ஆகிவிட்டது. ராஜா பெயருக்கே அந்தக் கதி!

இங்கே ஒரு எச்சரிக்கை. கணு, க்னீ, க்நாட் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் 'ஆகா, இங்கிலீஷே தமிழிலிருந்து வந்ததுதான்' என்று கை துறுதுறுக்கும். மலரில் எழுதினால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது நிற்காது. நீ என்ற வார்த்தைக்கு லத்தீன் உறவு 'கெனு', பிரெஞ்சில் 'ழெனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு'. ஆஜானுபாகுவான ஆள் என்கிறோமே, முழங்கால் வரை நீண்ட கை உள்ளவன், அந்த ஜானுதான் இது. இவற்றின் மூலத்தில் இருந்தது 'க' இல்லை, கர்ஜிக்கிற வன்மையான 'ஜி' ஒலி. அது ஜெர்மானிய மொழிகளில் ஒழுங்காகக் 'கே' ஆனது என்பதை 1822-ல் யாக்கோப் கிரிம் விதியாகவே எழுதிவிட்டார். மூலத்திலேயே ஒலி வேறாக இருக்கும்போது கணுவோடு எப்படி முடிச்சுப் போடுவது? கணு நமக்கு ஞாபகத்துக்கு ஒரு கொக்கி. உறவுமுறை கொண்டாட வேண்டாம்.

கொண்டாட வேண்டும் என்றால் வேறொன்று இருக்கிறது. நோ, அதாவது 'தெரியும்' என்கிற நோ. அதன் கே-என்னும், கிரேக்க 'க்னோசிஸ்' என்பதும், சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த 'ஞானம்' என்பதும் ஒரே வேர். டயக்னோசிஸ், விஞ்ஞானம், நாலெட்ஜ் மூன்றும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். இந்த நோவுக்கும் முண்டு முடிச்சுக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைஃபுக்கும் இல்லை.

நைட் (குதிரை வீரன்), நேவ் (அயோக்கியன்) இரண்டுக்கும் இல்லை. இந்த இரண்டு பேர் கதை தனி. பழைய இங்கிலீஷில் இரண்டுமே 'பையன்' என்ற பொருளில் இருந்த சொற்கள். ஒரு பையன் ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து பிரபுவாகிவிட்டான். இன்னொரு பையன் வேலைக்காரனாகி, பிறகு போக்கிரி என்று பெயர் வாங்கி, கடைசியில் சீட்டுக்கட்டில் ஜாக்கியாக உட்கார்ந்தான்.

சில எழுத்து ஜோடிகள் ஒரே மாதிரி அர்த்தத்தைச் சுற்றி வருவதை மொழி அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். க்ளோ, க்ளீம், க்ளிட்டர் எல்லாம் வெளிச்சம். இதற்கு 1930-ல் ஒரு பெயரே வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்தவர். 1934-ல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதி, ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலில் சேர்த்தவர். தமிழிலும் தேடிப் பாருங்கள்: முட்டி, மூட்டு, முடிச்சு, மொட்டு, முண்டு, மூட்டை, முட்டை. இதுவும் ஒரு ஊரே முண்டாகத்தான் இருக்கிறது.

முட்டு என்றதும் நாக் ஞாபகம் வருகிறது. நாக் என்றால் முட்டுவது, தட்டுவது. தட்டுகிற சத்தமே பெயராகிவிட்டது. இன்ஜின் 'நாக்' அடிக்குது என்று மெக்கானிக் அண்ணன் சொல்வது இதைத்தான். ஆனால் பெட்ரோல் நாக்கும் டீசல் நாக்கும் ஒன்றில்லை, இதில்தான் நிறைய பேர் மார்க்கைக் கோட்டை விடுகிறோம். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கில் பற்றிய தீ பரவிக்கொண்டு வரும். அது வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் நசுங்கிச் சூடேறிய மிச்சக் கலவை தானாக வெடித்தால் டங் என்று சத்தம். அதாவது கடைசியில் வரும் கோளாறு. டீசலில் ஆரம்பத்திலேயே கோளாறு. தெளித்த எரிபொருள் பற்றத் தாமதமானால் அது சேர்ந்துகொண்டே போய் மொத்தமாக ஒரே நேரத்தில் பற்றும். மருந்தும் எதிரெதிர். பெட்ரோலுக்குக் கம்ப்ரஷன் ரேஷியோவைக் குறைத்தால் நாக் குறையும், டீசலுக்குக் கூட்டினால் குறையும். அங்கே ஆக்டேன் எண், இங்கே சீட்டேன் எண்.

இந்த ஒரு 'நாக்'கை அடக்குவதற்காக அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து பார்த்தார். நாக் அடங்கியது. ஆனால் புகையோடு ஈயம் உலகம் முழுக்க மூச்சுக்குள் போனது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. சத்தமில்லாத கே-க்குப் பின்னால் இவ்வளவு பெரிய சத்தம்.

'அப்படியானால் அந்தக் கே-யை எடுத்துத் தொலைத்தால் என்ன?' என்று கேட்கலாம். எடுத்துவிட்டால் முடிச்சும் 'இல்லை'யும் எழுத்தில் ஒன்றாகிவிடும். குதிரை வீரனும் ராத்திரியும் ஒன்றாகிவிடும். தெரியும் என்பதும் இல்லை என்பதும் வாயில் ஏற்கெனவே ஒன்றுதான், பேப்பரில்தான் கே அவற்றைப் பிரிக்கிறது. நாமும் கரி, கறி இரண்டையும் இந்தப் பக்கம் பேச்சில் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அதற்காக வல்லின றகரத்தை யாராவது தூக்கிவிட்டோமா? தூக்கினால் அடுப்புக் கரியைக் குழம்பில் போட வேண்டியதுதான்.

ஆனாலும் ஒரே எழுத்தில் பல அர்த்தம் வந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. நான் இருக்கிற ஊர் சாரம். சாறு எடுத்த சத்தும் சாரம், கொத்தனார் கட்டுவதும் சாரம், இலங்கைத் தமிழர் இடுப்பில் கட்டுவதும் சாரம். "சாரம் போகணும்" என்று ஆட்டோ அண்ணனிடம் சொன்னால் கட்டடத்து மேலேயா ஏற்றிவிடுகிறார்?

கடைசியாக, கே-யைக் கட்டாயம் சொல்ல வேண்டிய இடங்கள். வார்த்தையின் நடுவில் முன்னால் ஒரு உயிரெழுத்து தாங்கிக்கொண்டால் கே பிழைத்துக்கொள்ளும். பாலிடெக்னிக் என்று தினமும் சொல்கிறோமே, அதில் ஸ்பெல்லிங் வேறு என்றாலும் 'க்னி' எவ்வளவு சுலபமாக வருகிறது! நோவிலிருந்து வந்த அக்னாலெட்ஜ்மென்டிலும் க் சத்தம் உண்டு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கங்களில் வரும் நன்றியுரைக்கு அதுதானே பெயர், பிரசென்டேஷனில் சரியாகச் சொல்லுங்கள். ஆள் பெயர்களிலும் கே பேசும். மெட்டீரியல்ஸ் பாடத்தில் பிரினெல், ராக்வெல், விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனைகளுக்குப் பக்கத்தில் 1939-ல் வந்த இன்னொன்று இருக்கிறது. அது நூப் இல்லை, 'கனூப்'. கம்ப்யூட்டர் நண்பர்கள் கும்பிடும் புரோகிராமிங் புத்தக ஆசிரியர் டொனால்டு, நூத் இல்லை, 'கனூத்'. அவரே அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பழைய டேனிஷ் ராஜாவின் பெயரேதான் இது!

மற்றபடி வைவாவுக்குப் போகும் முன் வாய்விட்டு நாலு தடவை: நர்லிங், நக்கிள், நாப், நாட், நாக், நைஃப். மில்லிங் மெஷினின் 'நீ'யை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். "மெஷின்ல டேபிளைத் தாங்குறது எது?" என்று எக்ஸ்டர்னல் கேட்டு, விரலை நீட்டி "நீ சார்" என்று நீங்கள் சொல்லும்போது, விரல் மெஷின் பக்கம் இருக்கட்டும்.